நாலு சுரமும் ஒரு பவுடர் டப்பாவும்

எங்கள் பக்கத்தில் ஒரு ஆர்கெஸ்ட்ராவுக்குக் கிடைக்கிற பெரிய பாராட்டு, "அப்படியே ரெக்கார்டு மாதிரி இருந்துச்சு" என்பதுதான். பாடகர் சுருதி விலகாமல் பாடினார், தபலாக்காரர் அருமையாக வாசித்தார் என்றெல்லாம் யாரும் பிரித்துச் சொல்ல மாட்டார்கள். ரெக்கார்டில் கேட்ட சத்தம் மேடையில் வந்ததா, வரவில்லையா? அதுதான் பரீட்சை. 'சிவந்த மண்' (1969) படத்தின் 'பட்டத்து ராணி' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்.ஆர். ஈஸ்வரியின் சாயலில் பாட ஒரு பெண் எப்படியும் கிடைத்துவிடுவார். நடுநடுவே விழுகிற சவுக்கடிக்கு எங்கே போவது? எங்கள் குழுவில் தும்பா வாசித்தவர் தோல் பெல்ட்டை இரண்டாக மடித்து மைக்குக்கு முன்னால் படீரென்று இழுப்பார். ஒரு அடி பிந்திவிட்டால் கூட்டத்திலிருந்து விசில் பறக்கும். அது என்ன விசில் என்பது மேடையில் இருப்பவனுக்குத் தெரியும்.

நான் ராஜபாளையத்துக்காரன். எழுபதுகளின் கடைசியில் லீட் கிட்டார் வாசிக்க மேடை ஏறினேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் அரைமணி நேரத் தொலைவு. எங்கள் தொழிலுக்கு இரண்டும் ஒரே ஊர்தான். பங்குனியில் அங்கே பெரிய மாரியம்மன் கோயில் பூக்குழி, ஆடியில் ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேர். இந்தப் பக்கம் தெருவுக்குத் தெரு அம்மன் பொங்கல், மில்களில் ஆயுத பூஜை, முகூர்த்த மாதங்களில் ரிசப்ஷன். தென்காசி ரோட்டில் சேத்தூர், சிவகிரி வரைக்கும் வேனில் போவோம். அட்வான்ஸ் வாங்கும்போதே விழாக் கமிட்டிக்காரர் கேட்பார்: "கிட்டாரு உண்டுல்ல?" மின்சாரக் கிட்டார் இருந்தால் குழுவின் மதிப்பு ஒரு படி கூடும். 1979-இல் பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' வந்த பிறகு அந்தப் படி இன்னும் உயர்ந்தது. சிங்கப்பூருக்குப் போகும் இசைக்குழுவின் கதை, எம்.எஸ். விஸ்வநாதன் இசை, அந்தப் படம் ஓடிய வருஷத்தில் எங்கள் ஒத்திகை அறை ஜன்னலில் காலேஜ் பையன்கள் தொங்கிக்கொண்டே இருப்பார்கள்.

கிட்டார் கைக்கு வந்துவிட்டது, கல்கத்தாவில் செய்த கிவ்சன். ஆனால் சினிமாப் பாட்டில் கிட்டார் வெறும் கிட்டாராக வருவதில்லையே. ஒரு பாட்டில் அழுகிற பிள்ளை மாதிரி 'வாவ் வாவ்' என்று திறந்து மூடும். இன்னொன்றில் எக்கோ போட்டுத் தள்ளித் தள்ளி விழும். மூன்றாவது ஒரு வகை இருந்தது. அதற்கு எங்களிடம் பேர்கூடக் கிடையாது, 'சுத்துற சவுண்டு' என்போம். ஒரே சுரம்தான், ஆனால் அதன் நிறம் மேலேயிருந்து கீழே மெல்ல வழிந்து, திரும்ப மேலே ஏறும். கேசட்டில் நோட்ஸ் எடுக்கும்போது சுரம் கைக்குச் சிக்கிவிடும், அந்த வழிசல் சிக்காது.

அந்தச் சத்தத்தைத் தனியாகப் பிரித்து எனக்குக் காட்டியது ஒரு வெளிநாட்டுப் பாட்டு. அப்போதெல்லாம் கடைத்தெருவில் ரெக்கார்டிங் சென்டர்கள் இருந்தன. வேண்டிய பாட்டுகளைப் பட்டியலாக எழுதிக் கொடுத்தால் அறுபது நிமிஷக் கேசட்டிலோ தொண்ணூறு நிமிஷக் கேசட்டிலோ பதிந்து தருவார்கள். எனக்குப் பழக்கமான கடைக்காரர், கப்பலில் வேலை பார்த்த யாரோ கொண்டுவந்த டேப்பிலிருந்து 'இங்கிலீஷ் ஹிட்ஸ்' என்று ஒன்றைப் பதிந்து வைத்திருந்தார். போனி எம், ஆபா எல்லாம் கலந்து கட்டியது. நடுவில் ஒரு பாட்டு. ஒற்றைக் கிட்டார், நாலே சுரம், அதையே திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பிறகு பேஸ், ஆர்கன், டிரம்ஸ் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து ஒட்டிக்கொள்கின்றன. பாடுகிறவன் குரலோடு மொத்தப் பாட்டும் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அட்டையில் பாட்டின் பேரும் இல்லை, குழுவின் பேரும் இல்லை.

"இது யாரு பாட்டுண்ணே?" என்று கேட்டேன்.

"யாரு பாடுனா என்னப்பா, அந்தக் கிட்டாரக் கேளு" என்றார். நியாயமான பதில்.

பேர் தெரிய வெகுகாலம் ஆயிற்று. என்னிடம் கிட்டார் படிக்க வந்த பையன் ஒருவன் செல்போனில் தேடிக் காட்டினான். 'பிக்சர்ஸ் ஆஃப் மேட்ச்ஸ்டிக் மென்', லண்டன்காரர்களான ஸ்டேட்டஸ் குவோ குழு, 1968 ஜனவரி, பை ரெக்கார்ட்ஸ் வெளியீடு. எழுதிப் பாடியவர் ஃபிரான்சிஸ் ராஸி, அப்போது அவருக்குப் பதினெட்டு வயது. மனைவியும் மாமியாரும் நச்சரிக்க, தப்பித்துக் கழிப்பறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டு இந்தப் பாட்டைப் போட்டதாக அவரே பிற்பாடு சொல்லியிருக்கிறார். பதினெட்டு வயதில் மாமியாரா என்று என் மாணவன்தான் வாயைப் பிளந்தான். இசைத்தட்டின் முன்பக்கத்துக்கு 'ஜென்டில்மேன் ஜோஸ் சைட்வாக் கஃபே' என்ற வேறொரு பாட்டை நினைத்திருந்தார்கள். இது பின்பக்கத்துக்கு ஒதுக்கியது. கடைசியில் மாற்றிப் போட்டார்கள். பிரிட்டனில் ஏழாம் இடம், அமெரிக்காவில் பன்னிரண்டாம் இடம். அமெரிக்காவில் அவர்களுக்கு அந்த அளவு ஓடிய பாட்டு அதன் பிறகு வாய்க்கவே இல்லை.

நாங்கள் அந்த நாலு சுரத்தை எதற்குப் பயன்படுத்தினோம் என்றால், டைட்டில் மியூசிக்குக்கு. பிள்ளையார் பாட்டுக்கு முன்னால் ஒவ்வொரு குழுவும் ஐந்து நிமிஷம் வெறும் வாத்தியம் வாசிக்கும். பார்க்கிறவர்களுக்கு அது ஆரம்பத் தடபுடல். எங்களுக்கு அதுதான் மைக் செட் பரிசோதனை: எந்த மைக் செத்துக் கிடக்கிறது, பேஸ் எவ்வளவு தாங்குகிறது, பின்வரிசை வரை டிரம்ஸ் போகிறதா என்று அதற்குள் பார்த்தாக வேண்டும். ஒரு வாத்தியத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சேரும் பாட்டு இந்த வேலைக்குச் சொல்லிவைத்த மாதிரி. கிட்டார் மட்டும் கேட்கும்போதே ஆம்ப்ளிஃபையர்காரர் என் வால்யூமைச் சரிசெய்வார். பேஸ் நுழையும், அதைச் சரிசெய்வார். கீபோர்டு, டிரம்ஸ், காங்கோ என்று வரிசையாக எல்லாம் அடங்கிவிடும். லண்டன் பையன்கள் இதையெல்லாம் நினைத்தா போட்டிருப்பார்கள்? ஆனால் மேடைக்காரன் காதுக்கு அந்தப் பாட்டின் கட்டுமானம் அப்படித்தான் பட்டது.

எல்லாம் சரி, சுற்றல்தான் இல்லை. சுற்றல் இல்லாமல் வாசித்தால் அந்த நாலு சுரம் ஹார்மோனியப் பெட்டியில் குழந்தை விரல் வைத்த மாதிரிதான் இருந்தது.

ஸ்டூடியோக்காரர்கள் அதை எப்படிச் செய்தார்கள் என்பது கதையாகவே பிரபலம். ஒரே பதிவை இரண்டு டேப் மெஷின்களில் சேர்ந்து ஓடவிடுவார்கள். ஒன்றின் வேகம் இன்னொன்றைவிட மயிரிழை குறையும். சிலர் சுழலும் ரீலின் விளிம்பில் விரலை வைத்தே குறைப்பார்கள். இரண்டு சத்தத்துக்கும் நடுவே ஒரு நொடியில் ஆயிரத்தில் சில பங்குதான் இடைவெளி. இரண்டும் கலக்கும்போது சில அலைகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். இடைவெளி மாற மாற, காணாமல் போகிற இடமும் மேலும் கீழும் நகரும். அந்த நகர்வுதான் காதில் சுற்றலாக விழுகிறது. பேர் ஃபேசிங். 1967-இல் ஸ்மால் ஃபேசஸ் குழுவின் 'இட்சிகூ பார்க்' இதை லண்டனில் பிரபலமாக்கியது. அடுத்த ஆண்டே குவோ.

எங்கள் ஊர்க்காரனுக்கு இது புதிதே அல்ல என்பேன். திருவிழாத் தெருவில் இந்த மின்கம்பத்தில் ஒரு கூம்புக் குழாய், ஐம்பது அடி தள்ளி அடுத்த கம்பத்தில் இன்னொன்று கட்டியிருப்பார்கள். இரண்டிலும் ஒரே பாட்டு. இரண்டுக்கும் நடுவில் நடந்து பாருங்கள், சீர்காழி கோவிந்தராஜன் குரலே சுற்றும். மலைப்பக்கமிருந்து காற்று திரும்பினால் நின்ற இடத்திலேயே சுற்றும். ஒரு குழாயின் சத்தம் முந்தி வருகிறது, இன்னொன்று பிந்தி வருகிறது. நடக்க நடக்க அந்தப் பிந்தல் மாறுகிறது. லண்டனில் ரீல் விளிம்பில் வைத்த விரல் செய்த வேலையை இங்கே நம் கால் செய்கிறது. இதை எனக்குச் சொன்னவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ மெக்கானிக்காக இருந்த ஒரு அண்ணாச்சி. எங்கள் ஆம்ப்ளிஃபையர்களுக்கு அவர்தான் வைத்தியர்.

கேசட்டைக் கொண்டுபோய் அவரிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "தம்பி, இது ரெண்டு கொழாய்க்கு நடுவுல நடக்குற சத்தம்லா. நடக்குற ஆளு வேணும், அவ்வளவுதான்" என்றார்.

நடக்கிற ஆளை அவர் ஒரு பல்பில் பிடித்தார். ஜப்பான்காரர்கள் 1968 வாக்கில் யூனி-வைப் என்று ஒரு பெட்டி செய்தார்கள். நடுவில் ஒரு சின்ன பல்பு, சுற்றிலும் நாலு எல்.டி.ஆர். எல்.டி.ஆர். என்பது வெளிச்சம் பட்டால் மின்தடை குறையும் சின்ன வில்லை. பல்பு மெல்ல எரிந்து மெல்ல அடங்கும். அதற்கு ஏற்றாற்போல நாலு வில்லைகளும் சத்தத்தை முன்னே பின்னே நகர்த்தும். ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1969-இல் வுட்ஸ்டாக் மேடையில் வாசித்தது அந்தப் பெட்டியோடுதான். 1974-இல் அமெரிக்காவில் எம்.எக்ஸ்.ஆர். கம்பெனியின் ஃபேஸ் 90 வந்தது. பல்பும் இல்லை, வில்லையும் இல்லை, காலடியில் வைத்து அமுக்கும் ஆரஞ்சுப் பெட்டி, ஒரே ஒரு திருகு. அது நம் ஊர்க்காரன் கையில் கிடைக்கவேண்டுமானால் யாராவது வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வந்தாலும் அதன் விலைக்கு ஒரு சீசன் முழுக்க வாசிக்கவேண்டும்.

அண்ணாச்சியிடம் பழைய எலெக்ட்ரானிக்ஸ் பத்திரிகை ஒன்றில் வந்த சர்க்யூட் படம் இருந்தது. எல்.டி.ஆர். மட்டும் இங்கே கிடைக்கவில்லை. மெட்ராஸ் போனவரிடம் சொல்லி ரிச்சி தெருவிலிருந்து வரவழைத்தோம். டிரான்சிஸ்டர் அவரிடமே மரப்பெட்டி நிறைய உண்டு. டார்ச் லைட் பல்பு ஒன்று. எல்லாவற்றையும் ஒரு முகப்பவுடர் டப்பாவுக்குள் வைத்தார். தகரம் வெளிச்சத்தையும் மறைக்கும், ஹம்மையும் கொஞ்சம் தடுக்கும் என்பது அவர் கணக்கு. கடையில் வைத்து வாசித்துப் பார்த்தோம். அந்த நாலு சுரம் சுற்றியது. அண்ணாச்சி சிரிக்கக்கூட இல்லை, "வேகத்தக் கூட்டவா, கொறைக்கவா?" என்றுதான் கேட்டார்.

மேடையில் போட்ட முதல் நாள் சுற்றலோடு சேர்ந்து வண்டு ரீங்காரம் ஒன்றும் வந்தது. ஒயரை மாற்றினோம், எர்த்தை மாற்றினோம், போகவில்லை. டப்பாவைத் தூக்கி மேடைக்கு அடியில் வைத்தால் நின்றுவிட்டது. மேலே எடுத்தால் திரும்ப ஆரம்பித்தது. காரணம் மேடையில் கட்டியிருந்த டியூப் லைட்டுகள். நம் கரண்ட்டில் டியூப் லைட் ஒரு நொடிக்கு நூறு தடவை துடிக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, எல்.டி.ஆருக்குத் தெரியும். டப்பா மூடியின் இடுக்கு வழியாக நுழைந்த வெளிச்சத்தை அது சத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. எக்ஸ்ரே ஃபிலிமைச் சுற்றி வருகிற கறுப்புத் தாளை ஒரு லேபிலிருந்து வாங்கி உள்ளே இரண்டு சுற்றுச் சுற்றியதும் வண்டு அடங்கியது. இன்றைக்கும் யாராவது பழைய வகை பெடலில் ரீங்காரம் என்று வந்தால் முதலில் விளக்கை அணைக்கச் சொல்வேன்.

இனி சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். டப்பா வந்த பிறகும் ரெக்கார்டில் உள்ள மாதிரியே வைத்து வாசித்தால் எங்கள் கூட்டத்தில் பாதிப்பேருக்கு அது போய்ச் சேரவில்லை.

எங்கள் கூட்டம் யார்? மில்காரர்கள். 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியதிலிருந்து இந்த ஊரின் கடிகாரம் மில் சங்குதான். அந்த நாளில் கச்சேரி நோட்டீஸில் இரவு எட்டு மணி என்று போட்டாலும் பத்துக்கு முன்னால் யாரும் ஆரம்பிக்க மாட்டார்கள். நல்ல பாட்டுகளை இரண்டாவது ஷிப்ட் விடும் வரை கையில் வைத்திருப்போம். ஷிப்ட் விட்டதும் சைக்கிள்கள் வரிசையாக வந்து நிற்கும்; தலையிலும் புருவத்திலும் பஞ்சுத் தூசியோடு கூட்டம் அடர்ந்துவிடும். விருப்பப் பாட்டுச் சீட்டுகள் அதற்குப் பிறகுதான் மேடைக்கு வர ஆரம்பிக்கும்.

ஸ்பின்னிங்கில் ஒரு ஷிப்ட் நின்றுவிட்டு வந்தவர் காது எப்படி இருக்கும்? உள்ளே பக்கத்து ஆளிடம் பேசவேண்டுமானால் சைகைதான். விரலை இப்படிக் காட்டினால் மேஸ்திரி வருகிறார், அப்படிக் காட்டினால் டீ. சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்கூடங்களில் இதைவிட மோசம். இயந்திரச் சத்தத்தில் வருஷக்கணக்கில் நிற்பவர்களுக்கு முதலில் போவது உச்சஸ்தாயி. 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் காது முதலில் மங்கத் தொடங்கும் என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். பேச்சு கேட்கும், ஆனால் தெளியாது. ஃபேசிங்கின் மினுமினுப்பு பெரும்பாலும் அந்த மேல்பக்கத்தில்தான் நடக்கிறது. கல்யாண ரிசப்ஷனில் வாசித்தால் பையன்கள் துள்ளுவார்கள். மில் தெருப் பொங்கலில் அதே டப்பா, அதே வாசிப்பு, முன்வரிசையில் இருந்த பெரியவர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னப்பா, கிட்டாரு ஒரே மாதிரி டொய்ங் டொய்ங்குன்னுக்கிட்டு" என்றார் ஒருவர்.

அண்ணாச்சியிடம் சொன்னேன். உள்ளே இருந்த கண்டென்சர்களை அவர் மாற்றினார், பெரிய மதிப்பாகப் போட்டார். சுற்றல் கீழே இறங்கியது. உச்சத்தில் மினுங்காமல், ஆண்குரல் இருக்கிற இடத்தில் உருண்டது. பல்பின் வேகத்தையும் குறைத்தார். மூச்சை இழுத்து விடுகிற நேரத்துக்கு ஒரு சுற்று. அடுத்த பொங்கலில் அதே முன்வரிசையில் தலைகள் ஆடின. "இப்பத்தான் ரெக்கார்டு மாதிரி இருக்கு" என்றார்கள். ரெக்கார்டில் அப்படிக் கிடையவே கிடையாது.

அந்தப் பாட்டின் பேரில் இருக்கிற தீக்குச்சி மனிதர்கள் யார் என்று மாணவன் தேடிப் படித்துச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எல்.எஸ். லௌரி (1887–1976) என்ற ஓவியரின் படங்களில் வருகிற ஆட்களாம். மான்செஸ்டருக்குப் பக்கத்தில் பெண்டில்பரி என்ற மில் ஊரில் வாழ்ந்தவர். வாடகை வசூலிக்கிற குமாஸ்தாவாக 1952 வரை வேலை பார்த்துக்கொண்டே வரைந்தவர். 1916-இல் ரயிலைத் தவறவிட்டு ஸ்டேஷன் படியேறி வந்தவர் கண்ணில் ஒரு நூற்பாலை பட்டது. ஷிப்ட் விட்டு நூற்றுக்கணக்கானோர் கொட்டிக்கொண்டு வந்தார்கள். அந்தக் காட்சியைப் பிறகு ஆயுள் முழுக்க வரைந்தார். 1930-இல் வரைந்த 'கமிங் ஃப்ரம் த மில்' படத்தை மாணவன் காட்டினான். புகைபோக்கி, நீளமான செங்கல் கட்டடம், கறுப்புக் கறுப்பாகக் குச்சி ஆட்கள், எல்லோரும் கொஞ்சம் குனிந்து வேகமாக நடக்கிறார்கள். மேடையிலிருந்து ஷிப்ட் கூட்டத்தைப் பார்த்தவனுக்கு அந்தப் படத்தை யாரும் விளக்கவேண்டியதில்லை. அவர் வரைந்த அந்த லங்காஷயர் வட்டாரம்தான் நம் நாட்டு மில்களுக்கு இயந்திரம் அனுப்பியது. அங்கேயும் தறிக்கூடப் பெண்கள் சத்தத்துக்கு நடுவில் உதட்டசைவைப் பார்த்தே பேசிக்கொண்டார்கள். தீக்குச்சிக்கும் எங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லவே வேண்டாம்; சிவகாசி கூப்பிடு தூரம், இந்தச் சுற்றுவட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டாத வீட்டுத் திண்ணை ஒரு காலத்தில் குறைவு. மில் ஆட்களை வரைந்த படங்களிலிருந்து பேரெடுத்த பாட்டை, அது தெரியாமலே, மில் ஆட்களுக்கு முன்னால் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறோம். ஆனால் பாட்டு மில்லைப் பற்றியது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒரு பெண்ணின் முகம் போகிற இடமெல்லாம் தெரிகிறது என்கிற சாதாரணக் காதல் புலம்பல்தான்.

குவோவின் அடுத்த கதையில்தான் எனக்குச் சுவாரசியம் அதிகம். இந்தப் பாட்டு ஓடியதும் அதே மாதிரி இன்னொன்று போட்டார்கள், 'பிளாக் வெய்ல்ஸ் ஆஃப் மெலன்கலி'. படுத்துவிட்டது. மேடைக்கு மேடை இதைப் பார்த்திருக்கிறேன். ஒரு சத்தம் கைதட்டு வாங்கியதும் கீபோர்டுக்காரர் எல்லாப் பாட்டிலும் அதை நுழைப்பார். மூன்றாவது பாட்டில் கூட்டம் கடலை வாங்கப் போய்விடும். எங்கள் டப்பாவை ஒரு கச்சேரிக்கு இரண்டு பாட்டுக்கு மேல் திறக்கக்கூடாது என்று நான் வைத்திருந்தது அதனால்தான். குவோ என்ன செய்தார்கள்? பூப்போட்ட சட்டை, சரிகைக் கோட்டு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஜீன்ஸுக்கு மாறினார்கள். 1970-இல் வந்த 'மா கெல்லிஸ் க்ரீஸி ஸ்பூன்' ஆல்பத்திலிருந்து நேரான, தடதடவென்ற பூகி. மூன்று கார்டுக்குள் முடிகிற பாட்டுகள். ராஸியும் குழுவின் இன்னொரு கிட்டார்காரர் ரிக் பார்ஃபிட்டும் தோளோடு தோள் நின்று ஒரே தாளத்தில் அடிப்பார்கள். விமர்சகர்கள் கேலி செய்தார்கள். 1985 ஜூலை 13-ஆம் தேதி வெம்ப்ளி ஸ்டேடியத்தில் லைவ் எய்ட் கச்சேரி தொடங்கியபோது முதலில் மேடையேறியவர்கள் அவர்கள்தான்.

ஸ்டூடியோவில் பிறந்த சத்தத்தை விட்டுவிட்டு, மேடையில் ஒவ்வொரு நாளும் தப்பாமல் வருகிற சத்தத்தைப் பிடித்துக்கொண்டார்கள் என்றுதான் இதை நான் புரிந்துகொள்கிறேன். கோயில் மேடையில் வோல்டேஜ் 180-க்கு இறங்கும்போது எக்கோவும் சுற்றலும் கைவிட்டுவிடும். ஒழுங்காக அடிக்கிற கை மட்டும் மிச்சமிருக்கும். நாங்கள் அவர்கள் வழியில் போக முடியாது. எங்கள் பாட்டு எங்களுடையது அல்லவே. இளையராஜா போட்ட சத்தத்தை, விஸ்வநாதன் போட்ட சத்தத்தை நாங்கள் சுமந்துகொண்டு போய் ஊர் ஊராக இறக்குகிறவர்கள். 1978-இல் 'பிரியா' படத்தின் பாட்டுகள் ஸ்டீரியோவில் வந்தபோது இடது பக்கம் ஒரு வாத்தியம், வலது பக்கம் ஒரு வாத்தியம் என்று பிரித்துக் கேட்டு ஊரே பிரமித்தது. எங்கள் மைக் செட் முழுக்க மோனோ. 'அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகலையே' என்று சீட்டில் எழுதி அனுப்பிய ரசிகரும் உண்டு. இரண்டு கிட்டாரை மேடையின் இரண்டு மூலைகளில், தனித்தனி ஆம்ப்ளிஃபையரோடு நிறுத்திப் பார்த்தோம். முன்வரிசைக்கு மட்டும் கொஞ்சம் பலித்தது.

தொண்ணூறுகளில் கீபோர்டுக்குள் எல்லாச் சத்தமும் வந்து உட்கார்ந்துகொண்டது. பிறகு பென் டிரைவில் டிராக் போட்டுப் பாடுகிற காலம். இப்போது ராஜபாளையத்தில் வீட்டில் வைத்துப் பத்துப் பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லித்தருகிறேன், சில கச்சேரிகளுக்கு மாணவர்களோடு போகிறேன். அவர்களிடம் மல்டி எஃபெக்ட்ஸ் இருக்கிறது; ஃபேசரில் மட்டும் பல மாடல்கள். புதிதாக வருகிறவனுக்கு முதல் வாரமே அந்த நாலு சுரத்தைக் கொடுத்துவிடுவேன், எஃபெக்ட்ஸை அணைத்துவிட்டு. ஒரே சீராக வாசிக்கச் சொல்வேன். பிக் ஒரு தடவை அழுந்தி ஒரு தடவை வழுக்கினால், வெறும் சத்தத்தில் அது பெரிதாகத் தெரியாது. ஃபேசரைப் போட்டதும் பளிச்சென்று தெரிந்துவிடும். ஏறி இறங்க வேண்டியது சுற்றல் மட்டும்தான், கை ஏறி இறங்கினால் இரண்டும் மோதி அசிங்கமாகிவிடும். எல்லாப் பிள்ளைகளும் கேட்கிற கேள்வி, "இது எந்தப் படம் சார்?" என்பதுதான்.

போன ஆடியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கச்சேரி. டைட்டில் மியூசிக்கைச் சீனியர் மாணவனிடமே விட்டுவிட்டேன். ஃபேசரை அவன் இஷ்டத்துக்கு வேகமாக வைத்திருந்தான், காற்றாடி சுற்றுகிற மாதிரி. பிள்ளையார் பாட்டு முடிந்து இடைவெளியில், ரிடையரான மில்காரர் ஒருவர் மேடை ஓரத்துக்கு வந்து, என்னிடம் சொல்லாமல் நேராக அவனிடமே சொன்னார்: "தம்பி, அந்த மொதல் பிட்டு நல்லாருக்கு. ஆனா அத இவ்வளவு வெரசாச் சுத்தவிடக்கூடாது. முந்தி மெதுவாப் போகும்." அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். குனிந்து ரேட் திருகை மூன்றில் வைத்துவிட்டு அடுத்த பாட்டுக்கு கவுண்ட் கொடுக்கச் சொன்னேன்.